கனரக வண்டி மாடல்கள்: கேட்டதும் சொன்னதும்

லாரி, டாங்கி போன்ற கனரக வண்டிகளின் பிளாஸ்டிக் மாடல் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். "எந்தக் கடையில் மலிவு" என்ற கேள்விகளை மட்டும் விட்டுவிட்டேன், விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது.

சார், இதுவரை கார் மாடல்தான் செய்திருக்கிறேன். முதல் லாரியாக எதை எடுக்கலாம்? 1/24, 1/25 (அசல் வண்டியில் 24-ல் அல்லது 25-ல் ஒரு பங்கு) என்று இரண்டு அளவு வருகிறதே?

அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டுக்கும் நூற்றுக்கு நாலு பங்குதான் வித்தியாசம், அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் உறுத்தாது. ஐரோப்பிய லாரி என்றால் இட்டாலெரியின் ஸ்கேனியா, வோல்வோ கிட்கள், 1/24. அமெரிக்க லாரி என்றால் ஏ.எம்.டி.யின் பீட்டர்பில்ட் 359, ரெவெலின் கென்வொர்த் டபிள்யூ900 போன்றவை, 1/25. முதல் வண்டிக்கு என் ஓட்டு, இரண்டு அச்சு மட்டும் உள்ள ஐரோப்பிய டிராக்டருக்கு (டிரெய்லரை இழுக்கும் முன்பக்க வண்டி). ஆறு டயரோடு வேலை முடியும். அமெரிக்க வண்டியில் பத்து டயர், குரோம் பூசிய பாகங்கள் ஒரு பை நிறைய. டிரெய்லர் இப்போது வேண்டாம். இடத்தைத்தான் அடைக்கும், கற்றுக்கொள்ள அதில் அதிகம் இல்லை.

மூக்கு நீண்ட அமெரிக்க லாரிதான் எல்லாருக்கும் பிடிக்கிறது. ஆனால் 1970களின் வண்டி செய்வதாக இருந்தால் மூக்கில்லாத கேபினையும் யோசியுங்கள். லாரியையும் டிரெய்லரையும் சேர்த்து அளந்து நீள வரம்பு வைத்திருந்த காலம் அது, மூக்கு குறைந்தால் டிரெய்லருக்கு நீளம் கூடும். 1982-ல் வந்த சட்டம் அதை மாற்றிய பிறகுதான் நீண்ட மூக்கு அங்கே முழுதாக ஆதிக்கம் பிடித்தது.

சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) கோணிவிட்டது அண்ணா. நாலு சக்கரம் தரையில் நின்றால் ஐந்தாவது தூக்கிக்கொள்கிறது.

லாரி மாடல் பெயின்டில் கெடுவதைவிட சேசிஸில் கெடுவதுதான் அதிகம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாம் பயன்படுத்தும் மெல்லிய பசை உண்மையில் ஒட்டுவதில்லை. பாலிஸ்டைரீனைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக உருக்கிவிடுகிறது. இறுகிய பிறகு பிரிக்க வழியில்லை. எனவே நீள வாரை இரண்டையும் குறுக்குத் துண்டுகள் எல்லாவற்றோடும் முதலில் பசையில்லாமல் பொருத்தி, டேப் சுற்றி, ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வையுங்கள். எந்த மூலையாவது ஆடுகிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் எந்தக் குறுக்குத் துண்டு இடிக்கிறதோ அதை உப்புத்தாளில் லேசாகத் தேய்க்க வேண்டும். சரியாக உட்கார்ந்த பிறகு பிரஷ் நுனியால் இணைப்புகளில் பசையைத் தொட்டுவையுங்கள், அது தானே உள்ளே ஓடிவிடும். மேலே ஒரு கனமான புத்தகத்தை வைத்து மறுநாள் வரை கை வைக்காதீர்கள். அச்சுகளையும் கண்ணாடி மேலேயே, சக்கரத்தைச் சும்மா மாட்டிப் பார்த்தபடி பொருத்துங்கள்.

உங்களுடையது ஏற்கனவே இறுகிவிட்டது. கை பொறுக்காத சூட்டில் உள்ள நீரில் (கொதிக்கும் நீர் வேண்டாம்) சற்று முக்கி, எதிர்ப்பக்கமாக மெதுவாக முறுக்கிப் பிடித்து, அப்படியே குளிர்ந்த நீரில் விடுங்கள். சிறு கோணல் சரியாகிவிடும்.

முடித்து ஒரு வருடம் ஆன லாரி. டயரைக் கழற்றினால் ரிம் உருகிப்போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெயிலா காரணம்?

வெயில் அதை விரைவுபடுத்தும், காரணம் டயர்தான். மென்மையாக இருக்க வினைலில் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் மெல்லக் கசிந்து பாலிஸ்டைரீனை அரிக்கிறது. ரிம்மில் டயர் படும் இடத்தில் மெல்லிய அலுமினியத் தாளை ஒட்டிவிடுங்கள். பழைய டாங்கி கிட்களில் வரும் வினைல் டிராக்குக்கும் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டை) இதே கதை, பெட்டியில் இருக்கும்போதே அதைத் தனிப் பையில் போட்டுவிடுவது நல்லது.

சென்னையில் இருக்கிறேன். ஸ்ப்ரே கேனில் கறுப்பு அடித்தால் வெள்ளை பூத்ததுபோல் ஆகிறது. கேன் பழசா?

கேன் மேல் பழி போடாதீர்கள், காற்றில் உள்ள ஈரம். லாக்கர் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, அதில் ஈரம் படிந்து பெயின்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. விடிகாலையில் அடிக்காதீர்கள், ஈரம் அப்போதுதான் உச்சம். கடற்காற்று வீசத் தொடங்குமுன், பத்து பதினொரு மணிவாக்கில் அடியுங்கள். மழை நாளில் கேனைத் தொடவே வேண்டாம். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்ட் தெளிக்கும் கருவி) இருந்தால் ரிடார்டர், அதாவது உலர்வதை மெதுவாக்கும் திரவம், கலந்த தின்னர் உதவும்.

ஏர்பிரஷ் வாங்கப் போகிறேன். எந்த நாசில்?

0.3 மி.மீ., டபுள் ஆக்‌ஷன். காற்றையும் பெயின்டையும் ஒரே விசையில் தனித்தனியே கட்டுப்படுத்தும் வகை அது. காற்றழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. கூடவே நல்ல முகக்கவசம்.

டீகல் (நீரில் நனைத்து ஒட்டும் எழுத்து, சின்னம்) ஒட்டினால் சுற்றிலும் வெள்ளி மாதிரி மினுக்குகிறது.

மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட் மேல் ஒட்டியிருக்கிறீர்கள். சொரசொரப்பில் காற்று சிக்கிக்கொண்டது. முதலில் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ், அதன்மேல் டீகல், அப்புறம்தான் மேட் வார்னிஷ்.

ஆவடியில் தயாரான டாங்கி ஒன்றைச் செய்ய ஆசை. தமியாவின் 1/35 டி-72 கிட்டை அஜேயா ஆக்க முடியுமா?

தாராளமாக. அஜேயா என்பது ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உரிமம் பெற்றுக் கட்டிய டி-72எம்1-தான், அந்தக் கிட்டும் டி-72எம்1. பின்னால் வந்த, வெடி கவசக் கட்டிகள் பொருத்திய வகையைச் செய்தால்தான் வேலை கூடும். பீரங்கிக் குழலின் வாயை மட்டும் கவனியுங்கள். உண்மையில் 125 மி.மீ., 1/35-ல் ஏறக்குறைய 3.6 மி.மீ. அதைத் துளையிட்டு ஆழப்படுத்தினாலே முகம் மாறிவிடும்.

விஜயந்தாவைக் கேட்டவர்களுக்கு: அது பிரிட்டனின் விக்கர்ஸ் டாங்கி, 105 மி.மீ. பீரங்கி. டி-72-ஐ வெட்டி அதைச் செய்ய முயலாதீர்கள், உடலமைப்பே வேறு. இன்னொன்று, சாலைச் சந்திப்பில் மேடைமேல் நிற்கும் பழைய டாங்கியைப் போட்டோ எடுத்து நிறத்தை ஒப்பிடுகிறீர்கள். அதன்மேல் எத்தனை முறை எந்தப் பச்சையைப் பூசினார்களோ! வடிவத்தை மட்டும் அங்கே அளந்துகொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கி டைகர் 1-க்குச் சாம்பலா, மஞ்சளா?

எந்த மாதத்து வண்டி? ஜெர்மனி அடர் மஞ்சளுக்கு மாறியது 1943 பிப்ரவரியில். சிம்மரிட் பூச்சு (காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்கப் பூசிய பசை) ஏறக்குறைய 1943 செப்டம்பரிலிருந்து ஓராண்டு. ஆரம்ப உற்பத்தி வண்டிக்குச் சிம்மரிட் போட்டு எனக்குப் படம் அனுப்பாதீர்கள்.

அழுக்கும் துருவும் எவ்வளவு போடலாம்? நான் செய்தால் கண்காட்சி வண்டி மாதிரி இருக்கிறது, இல்லாவிட்டால் பழைய இரும்புக் கடை மாதிரி.

மற்றவர்கள் செய்த மாடலைப் பார்த்துச் செய்வதால் வருகிற வினை இது. வண்டியைப் பாருங்கள். லாரி ஷெட்டில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். அழுக்கு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. சக்கரத்துக்குப் பின்னால், கேபினின் முதுகில், படிக்கட்டில் இருக்கும். கண்ணாடியில் வைப்பர் ஓடும் இடம் சுத்தமாக இருக்கும். டீசல் மூடிக்குக் கீழே ஈரமான கறை வழியும். டிரெய்லரைக் கோக்கும் தட்டில் கறுப்பு கிரீஸ் திட்டுத்திட்டாக நிற்கும். அமெரிக்க லாரிகளில் டீசல் டாங்க் பெரும்பாலும் அலுமினியம், அதில் போய்ச் செம்பழுப்புத் துருவைப் பூசுகிறார்கள்!

டாங்கியில் பெயின்ட் உரிவது ஆட்கள் ஏறி இறங்கும் இடத்திலும் கதவு விளிம்பிலும்தான். 1/35-ல் நீங்கள் வைக்கும் 1 மி.மீ. புள்ளி உண்மையில் 35 மி.மீ. திட்டு. பிரஷ்ஷை வைக்குமுன் இந்தக் கணக்கைப் போடுங்கள், கை தானாகவே அடங்கும்.

ஆயில் பெயின்டை ஒயிட் ஸ்பிரிட்டில் கரைத்து வாஷ் (இடுக்குகளில் நிழல் தரும் நீர்த்த பூச்சு) கொடுக்கும்போது அதைக் குளம் கட்ட விடாதீர்கள். பெயின்ட் படாத பிளாஸ்டிக்கில், அதுவும் இழுவிசையில் இருக்கும் சஸ்பென்ஷன் கைகளில், அது இறங்கினால் பிளாஸ்டிக் விரிசல் விட்டு உடையும்.

குரோம் பாகங்கள் பொம்மை மாதிரி மின்னுகின்றன. எடுக்க முடியுமா?

துணி வெளுக்கும் பிளீச்சில் போட்டுவையுங்கள், கரைந்துவிடும். பிளீச்சோடு டாய்லெட் கிளீனர், அமோனியா எதுவும் சேரக்கூடாது, நச்சு வாயு வரும். கழுவி, கிளாஸ் கறுப்பு அடித்து, அதன்மேல் மெட்டாலிக் பெயின்டை மெல்லிய பூச்சாக அடியுங்கள்.

நாமக்கல் லாரி ஒன்றை 1/24-ல் நானே கட்டலாமா?

கட்டுங்கள். கேபினுக்கும் பாடிக்கும் ஸ்டைரீன் தகடு, பாடியின் பலகைகளுக்கு மெல்லிய ஸ்டைரீன் பட்டைகள். வண்டியின் அகலம் 2.6 மீட்டர் என்றால் மாடலில் 108 மி.மீ. டயருக்கு அலைய வேண்டாம். 10.00-20 டயர் சுமார் 1.05 மீட்டர் உயரம், 1/24-ல் 44 மி.மீ. ஐரோப்பிய கிட்டில் வரும் டயரும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். ரிம் மட்டும் வேறு: நம் டியூப் டயர் ரிம்மில் பூட்டு வளையம் தெரியும், அதை மெல்லிய கம்பியை வளைத்துச் செய்யலாம். அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை மட்டும் படத்திலிருந்து ஊகிக்காதீர்கள். டேப்பை எடுத்துக்கொண்டு போய், டிரைவரிடம் கேட்டுவிட்டு அளந்து வாருங்கள்.