பத்து ஆட்டங்களில் ஏழு தோல்வி, சந்தா கட்டலாமா?

நண்பரே, என்பிஏ என்னும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் உங்கள் அணி முதல் 10 ஆட்டங்களில் 7 தோற்றுவிட்டது, இனி ஆட்டங்களைப் பார்க்க ஆண்டுச் சந்தா கட்டுவது வீண்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டுங்கள். சீசனில் ஒவ்வோர் அணிக்கும் 82 ஆட்டங்கள். இப்போதே தீர்ப்புச் சொல்வது, மாம்பூவைப் பார்த்துவிட்டுப் போச்சம்பள்ளிச் சந்தையில் காய்க்கு விலை பேசுவது போலத்தான்.

2024-25 சீசனில் கிளீவ்லாந்து அணி முதல் 15 ஆட்டங்களையும் வென்றது. இண்டியானா அணியோ முதல் 25 ஆட்டங்களில் 10 வெற்றி, 15 தோல்வி என்று தள்ளாடியது; அதன் ஆட்டக்காரர்கள் நெம்பார்டு, நெஸ்மித் இருவரும் காயத்தால் வெளியே இருந்தார்கள். சீசன் முடிவில் நடக்கும் பிளேஆஃப் என்ற நாக்அவுட் தொடரின் இரண்டாம் சுற்றில் கிளீவ்லாந்தை 4-1 என்று மூட்டை கட்ட வைத்தது யார்? அதே இண்டியானாதான்! இறுதித் தொடரில் ஓக்லஹோமா சிட்டி அணியைக் கடைசி, ஏழாவது ஆட்டம் வரை இழுத்துச் சென்றே தோற்றது.

ஆகவே எத்தனை தோல்வி என்பதைவிட எப்படித் தோற்றார்கள் என்று பாருங்கள். இரண்டு மூன்று புள்ளிகளில் நழுவிய ஆட்டங்கள் பின்னால் திரும்பி வரும். எதிரணி மூன்று புள்ளி எறிதல்களை வரிசையாகப் போட்டுத் தள்ளியிருந்தால் அதில் பாதி அதிர்ஷ்டம். ஆனால் கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டில் தினமும் அடி வாங்கினால், ஒவ்வொரு தோல்வியும் 20 புள்ளி வித்தியாசத்தில் என்றால், நானும் கவலைப்படுவேன்.

ஒன்று மட்டும். ஓசூர் சிப்காட்டில் ஆறு மணி ஷிப்டு என்றீர்கள். நவம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு நியூயார்க்கின் மாலை 7 மணி ஆட்டம் நமக்குக் காலை 5.30. நீங்கள் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பீர்கள். முழு ஆட்டத்தையும் பிறகு பார்க்கும் வசதி உள்ள திட்டமா என்று உறுதி செய்துகொண்டு பணம் கட்டுங்கள்.