குன்னூருக்குத் திரும்பி வந்தவர்

வணக்கம் ஐயா,

பாகிஸ்தானோடு நடந்த 1971 போர் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பா மதராஸ் ரெஜிமெண்டில் நாயக்காக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம் அவரை ஊட்டிக்கு அழைத்துப் போயிருந்தேன். தாவரவியல் பூங்காவெல்லாம் வேண்டாம், பார்சிக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போ என்றார். அந்தப் போரில் ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த மானெக்ஷாவின் கல்லறைக்கு முன்னால் செருப்பைக் கழற்றினார். கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். திரும்பும்போது பஸ்ஸில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அன்னிக்கு டெல்லியில இருந்து பெரிய ஆள் ஒருத்தரும் வரலைடா." தனி ஆளாக ஒரு போரை ஜெயித்துக் கொடுத்தவரை இந்த நாடு ஏன் ஐயா இப்படி அனுப்பி வைத்தது?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

கைத்தடியை உங்களிடம் கொடுத்துவிட்டு அவர் நின்றார் என்ற வரியைத் தாண்டி வர எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அவர் சொன்னது சரிதான். 2008 ஜூன் 27 அதிகாலையில், குன்னூரை அடுத்த வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் மானெக்ஷா காலமானார். வயது 94. 2001இல் இறந்த மனைவி சில்லுவின் பக்கத்திலேயே ஊட்டியில் அடக்கம் செய்தார்கள். ராணுவ மரியாதையில் குறை இல்லை. ஆனால் குடியரசுத் தலைவர் வரவில்லை, பிரதமர் வரவில்லை, பாதுகாப்பு அமைச்சர் வரவில்லை. முப்படைத் தளபதிகளில் ஒருவர்கூட வரவில்லை. பாதுகாப்புத் துறை இணையமைச்சர் பள்ளம் ராஜு வந்தார். தேசிய துக்கம் அறிவிக்கப்படவில்லை.

இதற்குப் பிறகு பல சமாதானங்கள் சொல்லப்பட்டன. எனக்கு எதுவும் சமாதானமாகவில்லை. 1993இல் பீல்டு மார்ஷல் கரியப்பா இறந்தபோது மூன்று தளபதிகளும் மடிக்கேரிக்குப் போய் நின்றார்கள். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த மானெக்ஷாவும் போயிருந்தார். மடிக்கேரிக்கு வழி தெரிந்த டெல்லிக்கு ஊட்டிக்கு மட்டும் எப்படி வழி தெரியாமல் போகும்? மானெக்ஷாவும் கரியப்பாவைப் போல பீல்டு மார்ஷல், ராணுவத்தின் உச்சப் பதவி. பீல்டு மார்ஷலுக்கு ஓய்வு கிடையாது, கடைசிவரை பணியில் இருப்பவராகவே கணக்கு. அதற்குரிய சம்பள பாக்கி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் அவர் கைக்கு வந்தது 2007இல், 93 வயதில். அவருடைய வாய்த்துடுக்கும் ஒரு காரணம் என்பார்கள். பிரிவினையின்போது பாகிஸ்தானுக்குப் போயிருந்தால் 1971இல் பாகிஸ்தான் ஜெயித்திருக்கும் என்று அவர் விளையாட்டாகச் சொன்னது பெரிய சர்ச்சையானது. விளையாட்டுப் பேச்சுக்கு முப்பத்தைந்து வருடம் முகம் திருப்பிக்கொண்டார்கள் என்றால், அது திருப்பிக்கொண்டவர்களுக்குத்தான் இழுக்கு.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லை ஒப்புக்கொள்ள மாட்டேன். 'தனி ஆளாக' என்று எழுதியிருக்கிறீர்கள். டிசம்பர் 3இல் தொடங்கி 16இல் முடிந்த அந்தப் போரில், இன்றைய வங்கதேசமான கிழக்கு வங்கத்தில் மேக்னா ஆற்றைத் தாண்ட வழியில்லாமல் நின்றபோது, ஹெலிகாப்டர்களில் ஆட்களை அக்கரை இறக்கியவர் ஜெனரல் சகத் சிங். கிழக்குப் பகுதிப் படைகள் முழுவதையும், அதாவது கிழக்குக் கட்டளையை, நடத்தியவர் ஜெனரல் அரோரா. வங்க விடுதலைப் படையான முக்தி வாஹினிப் பையன்கள் இல்லையென்றால் நம் படைக்கு அந்தச் சேற்றில் வழிகாட்ட ஆள் ஏது? இது மானெக்ஷாவுக்கே தெரியும். டாக்காவில் சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க அவரே போயிருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். போகவில்லை. அந்த இடம் அரோராவுடையது என்று விட்டுவிட்டார். நாளைக்குப் பாடப்புத்தகத்தில் வரப்போகிற புகைப்படம் என்று தெரிந்தும், அதில் தான் இல்லாமல் பார்த்துக்கொண்ட மனிதர் அவர்.

ஏப்ரலிலேயே படையெடுக்கச் சொன்ன இந்திரா காந்தியிடம் முடியாது என்றாரே, அந்தக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மழை வந்தால் கிழக்கு வங்கத்தின் ஆறுகள் கடலாகிவிடும், பனி உருகி மலைக் கணவாய்கள் திறந்தால் சீனா வரலாம், அறுவடை நேரத்தில் ரயில்களைப் படைக்கு இழுத்தால் ஊருக்குச் சோறு போய்ச் சேராது, டாங்கிகளில் ஓடுகிற நிலையில் இருப்பவை சொற்பம் என்று அடுக்கினார். இது அவரே பின்னாளில் மேடைகளில் சொன்னது. அன்றைக்கு அவ்வளவு அவசரம் பிரதமருக்கும் இருக்கவில்லை என்று சொல்லும் வரலாற்று ஆய்வாளர்களும் உண்டு. அதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். காட்சியை அவர் சற்றுப் பெரிதாக்கிச் சொல்லியிருந்தாலும், போர் டிசம்பரில்தான் நடந்தது, மழை வடிந்து கணவாய்கள் மூடிய பிறகு.

நான் உங்களோடு பேச விரும்புவது வெலிங்டனைப் பற்றி. 1959இல் அங்கே, ராணுவ அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜின் தலைவராக வந்தார். அங்கே இருந்த காலத்தில்தான், நாட்டுப்பற்று இல்லாதவர் என்று அவர் மேல் புகார் கிளம்பி விசாரணை வந்தது. பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பது ஊரறிந்த விஷயம். 1942இல் பர்மாவின் சித்தாங் ஆற்றங்கரையில் வயிற்றில் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகளை வாங்கியவர் அவர். பிழைக்க மாட்டார் என்று நினைத்த மேலதிகாரி, செத்தவனுக்கு மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கம் கிடையாது என்பதால் தன் சொந்தப் பதக்க நாடாவைக் கழற்றி அவர் நெஞ்சில் குத்தினார். ஆர்டர்லி ஷேர் சிங் அவரை மருத்துவரிடம் தூக்கிப் போனதால் உயிர் மிஞ்சியது. அப்படிப்பட்டவரைத்தான் இருபது வருடம் கழித்துத் தேசப்பற்று இருக்கிறதா என்று நிற்க வைத்துக் கேட்டார்கள். விசாரணை முடிவில் குற்றம் இல்லை என்று ஆனது. அதற்குள் 1962இல் சீனப் போர் வந்துவிட்டது. மேனன் பதவி விலகினார். நொறுங்கிப் போயிருந்த நான்காவது கோர் என்ற படையணியைக் கையில் கொடுத்து மானெக்ஷாவை அசாமின் தேஜ்பூருக்கு அனுப்பினார்கள். எழுத்தில் ஆணை இல்லாமல் இனி யாரும் பின்வாங்கக் கூடாது, அந்த ஆணை ஒருநாளும் வராது என்பதுதான் போனவுடன் அவர் சொன்னது.

இவ்வளவுக்கும் பிறகு 1973இல் ஓய்வு பெற்றவர் எங்கே போயிருக்கலாம், யோசித்துப் பாருங்கள். பம்பாயில் பார்சி உறவும் சமூகமும் இருந்தது. பிறந்து வளர்ந்த அமிர்தசரஸ் இருந்தது. அவர் வந்தது குன்னூருக்கு, தன் மேல் சந்தேகச் சேறு விழுந்த அதே வெலிங்டன் பக்கத்து மலைக்கு. 'ஸ்டாவ்கா' என்று பெயர் வைத்த வீட்டில் தோட்டம் போட்டுக்கொண்டு முப்பத்தைந்து வருடம் இருந்தார். அதே ஸ்டாஃப் காலேஜில் இளம் அதிகாரிகள் முன் நின்று, மேலே இருப்பவர் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற ஆமாம்சாமிதான் ஆபத்தானவன், அவன் பீல்டு மார்ஷல்கூட ஆகலாம், தலைவனாக முடியாது என்று பேசினார். அந்த விசாரணை அவருக்குள் எதைக் கசப்பாக்கியிருக்கலாம், எதைக் கசப்பாக்காமல் விட்டது என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்று. போருக்குப் பின் பேச்சுவார்த்தைக்காக லாகூர் போயிருந்தார். கவர்னர் மாளிகையில் விருந்து முடிந்ததும் அங்கே வேலை செய்கிறவர்கள் வரிசையாக நின்றார்கள். ஒருவர் தன் தலைப்பாகையைக் கழற்றி மானெக்ஷாவின் காலடியில் வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, என் ஐந்து பிள்ளைகளும் உங்களிடம் கைதியாக இருக்கிறார்கள், கடிதம் எழுதுகிறார்கள், ஓதக் குர்ஆன் கொடுத்திருக்கிறீர்கள், அவர்கள் கட்டிலில் படுக்கிறார்கள், உங்கள் சிப்பாய்கள் தரையில் படுக்கிறார்கள் என்றாராம். இதை மானெக்ஷாவே சொல்லியிருக்கிறார்.

இதை நான் முழுசாக நம்புகிறேன், என் சித்தப்பாவினால். கைதிகள் முகாம் ஒன்றில் அவர் காவலுக்கு இருந்தார். பேரும் நம்பரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. போரைப் பற்றி வாயே திறக்க மாட்டார். மார்கழிக் குளிரில் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு இதை மட்டும் சொல்வார்: "அவனுகளுக்கு பேரக்ஸ், எங்களுக்கு டெண்ட். அவனுகளுக்குக் கட்டில், எங்களுக்குத் தரை. மேல இருந்து ஆர்டர்." முதலில் வயிற்றெரிச்சலாக இருந்ததாம். ஒரு கைதிப் பையன் வீட்டுக்குக் கடிதம் எழுதும்போது பேனாவில் மை தீர்ந்து இவரிடம் வந்து கேட்டானாம். அதற்குப் பிறகு எரிச்சல் போய்விட்டது என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

மேலே இருந்து ஆர்டர் போட்டவர் யார் என்று அவருக்குத் தெரியும், உங்கள் அப்பாவுக்கும் தெரியும். ஊட்டிக்கு டெல்லி வரவில்லை என்பது எனக்கும் ஆறாத குறைதான். ஆனால் அப்பா வந்திருக்கிறாரே ஆர்., இத்தனை வருடம் கழித்து, கைத்தடியை ஊன்றிக்கொண்டு.

அவரிடம் நான் கேட்டதாக ஒன்று கேளுங்கள். சரணடைந்த தொண்ணூற்று மூவாயிரம் பேரை ரயிலில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்களே, அந்தக் காவலில் அவர் இருந்தாரா? அந்தக் குளிர்காலத்தில் எந்த ஊரில், எதன் மேல் படுத்துத் தூங்கினார்? அவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதி அனுப்புங்கள். திருத்தாமல் போடுகிறேன்.