கப்பல் குளத்தில் என் காலை நீச்சல் தொடருமா?

கேள்வி: எனக்கு வயது 61. முழங்கால் மூட்டுத் தேய்மானத்தால் வேக நடையை நிறுத்திவிட்டு, நான்கு ஆண்டுகளாக வீட்டருகே உள்ள 50 மீட்டர் பொதுக் குளத்தில் தினமும் 40 நிமிடம் நீந்தி வருகிறேன். வரும் ஆகஸ்டில் பிள்ளைகள் எங்களைப் பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் சொகுசுக் கப்பலில் ஐந்து நாள் அழைத்துச் செல்கிறார்கள். கப்பலிலும் குளம் உண்டாம். அங்கே என் பயிற்சியை அப்படியே தொடர முடியுமா?
– வாசகி ஒருவர், சிங்கப்பூர்

பதில்: நிச்சயமாகத் தொடரலாம் அம்மா. ஆனால் எத்தனை லேப் நீந்தினோம் என்று எண்ணும் பழக்கத்துக்கு மட்டும் ஐந்து நாள் ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

கப்பல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதன் குளம் சிறியதாகவே இருப்பதற்குக் காரணம் உண்டு. 25 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் கொண்ட சாதாரணக் குளம் ஒன்றில் ஏறத்தாழ 375 டன் தண்ணீர் நிற்கும். அவ்வளவு எடையை மேல்தளத்தில் ஏற்றினால் கப்பலின் சமநிலை பாதிக்கப்படும் என்பதோடு, கப்பல் ஒருபக்கம் சாயும்போது அந்தத் தண்ணீரும் அதே பக்கம் ஓடிச் சாய்வை இன்னும் கூட்டும். 1912-இல் புறப்பட்ட டைட்டானிக்கின் குளமும் சுமார் 9 மீட்டர் நீளம்தான். இன்றைய கப்பல்கள் பலவற்றிலும் ஏழெட்டு முறை கைவீசுவதற்குள் எதிர்ச்சுவர் வந்துவிடும்.

ஆகவே கடிகாரத்தைப் பார்த்து நீந்துங்கள். இரண்டு நிமிடம் நீச்சல், ஒரு நிமிடம் மார்பளவு நீரில் முழங்காலை உயர்த்தி நடை என்று மாற்றி மாற்றிச் செய்தால் அரைமணி நேரத்தில் நல்ல உழைப்பு கிடைக்கும். மார்பளவு நீரில் உடல் எடையின் பெரும்பகுதியை நீரே தாங்கிக்கொள்வதால், தரையில் வலிக்கும் முழங்கால் அங்கே வலியின்றி மடங்கி நீளும். பல கப்பல்களில் குளத்தை நிரப்புவது கடல்நீர் என்பதால் உடல் சற்றுக் கூடுதலாகவே மிதக்கும். நீச்சல் கண்ணாடியை மறக்க வேண்டாம். சுவரைக் காலால் உதைத்துத் திரும்புவதைத் தவிர்த்து, கையால் தொட்டு நிதானமாகத் திரும்புங்கள்; சிறிய குளத்தில் திருப்பங்கள் பல மடங்கு கூடும், அத்தனை உதையும் முழங்காலில்தான் இறங்கும்.

ஒருமுறை நடுக்கடலில் காலை ஆறரை மணிக்கு நான் தனியாக நீந்திக்கொண்டிருந்தேன். குளத்தின் ஒரு முனையில் தண்ணீர் ஒரு சாண் உயர, மறுமுனையில் படிக்கட்டின் மேல்படி வெளியே தெரிந்தது. அடுத்த நொடி அந்த அலை என்னைத் தள்ளிக்கொண்டு போக, சுவர் இரண்டு வீச்சு முன்னதாகவே வந்து விரல்களில் மோதியது. கால் மணி நேரத்தில் பணியாளர்கள் வந்து, என்னை மரியாதையாக வெளியேறச் சொல்லிவிட்டுக் குளத்தின்மேல் வலையை இழுத்துக் கட்டினார்கள். தண்ணீர் அப்படி ஊசலாடத் தொடங்கினால் யாரும் சொல்லும்வரை காத்திராமல் நீங்களே வெளியேறிவிடுங்கள். உயிர்காப்பாளர் எல்லாக் கப்பல்களிலும் இருப்பதில்லை. ஆகவே மகனோ மகளோ கரையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் இறங்குங்கள். காலைச் சிற்றுண்டிக்கு முன்பே போய்விட்டால் கூட்டம் இராது.

குளம் மூடிய நாளில் படிக்கட்டு ஏறச் சொல்லி மற்றவர்களிடம் கூறுவேன். உங்களிடம் கூற மாட்டேன். உடற்பயிற்சிக் கூடத்தில் சாய்ந்து அமர்ந்து மிதிக்கும் சைக்கிள் இருந்தால், லேசான எடையில் 20 நிமிடம் போதும். வெந்நீர்த் தொட்டியில் ஊறுவது இதமாக இருந்தாலும், அது பயிற்சிக்கு ஈடாகாது. இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவராக இருந்தால் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம்.

பயணம் ஆகஸ்டில் என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றினால் புக்கெட்டின் மேற்குக் கடற்கரைகளில் கொந்தளிப்பும் உள்ளிழுக்கும் நீரோட்டமும் இருக்கும். குளத்தில் கிடைக்காத தூரத்தைக் கடலில் நீந்திவிடலாம் என்று தோன்றும். சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் அளவு நீரில்கூட இறங்காதீர்கள்.