வாசகர் கேள்வி – பதில்: வீட்டுக்குள் நுழையும் நெடுஞ்சாலை இரைச்சல்

கேள்வி: நெடுஞ்சாலையை ஒட்டிக் குடியிருக்கிறோம். முதலில் தூக்கமே வரவில்லை, இப்போது பழகிவிட்டது. பழகிய பிறகும் உடம்புக்குக் கெடுதல் உண்டா?

பதில்: உண்டு. பழகுவது மனம்தான், இதயமும் ரத்தக் குழாய்களும் அந்த அளவுக்குப் பழகுவதில்லை. தூக்கத்திலும் காது கேட்டுக்கொண்டுதான் இருக்கும். கனரக லாரி ஒன்று கடக்கும்போது நாடித்துடிப்பு சற்று ஏறும், ஆழ்ந்த தூக்கம் மேலோட்டமாகும். காலையில் எதுவும் நினைவிருக்காது, அசதி மட்டும் இருக்கும். வருடக்கணக்கில் இப்படியே போனால் ரத்த அழுத்தமும் இதயநோய் ஆபத்தும் கூடும்.

ஐரோப்பியப் பகுதிக்காக உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சாலை இரைச்சல் முழுநாள் சராசரியில் 53 டெசிபலுக்கும், இரவில் 45 டெசிபலுக்கும் கீழே இருக்க வேண்டும். இது வீட்டுக்கு வெளியே உள்ள அளவு. முழுநாள் சராசரியைக் கணக்கிடும்போது மாலை ஒலிக்கு 5, இரவு ஒலிக்கு 10 டெசிபல் கூட்டிக்கொள்கிறார்கள். 53-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் மாரடைப்பு வகை நோய்களின் ஆபத்து சுமார் 8 சதவீதம் கூடுவதாக அதே ஆவணம் சொல்கிறது. அதனால் 'பழகிவிட்டது' என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: செல்போன் செயலியில் ஒரு நேரம் 58, இன்னொரு நேரம் 70 காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: செல்போன் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. ஒரே போனை ஒரே இடத்தில் வைத்து, ஒலியைத் தடுக்கும் வேலை செய்வதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். புகார் கொடுப்பதற்குப் போதாது. அதற்கு அளவுதிருத்தம் செய்த ஒலிமானி வேண்டும். தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து 3.5 மீட்டராவது தள்ளி வையுங்கள். சுவருக்கு அருகே வைத்தால் எதிரொலி சேர்ந்து சுமார் 3 டெசிபல் கூடுதலாகக் காட்டும். மழையிலும் பலத்த காற்றிலும் அளக்க வேண்டாம். மைக்கின் மேல் பஞ்சுறை இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் 15 நிமிடமாவது ஓடவிட்டு, சராசரியோடு உச்ச அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த உச்சம்தான். சராசரிக்குள் அது ஒளிந்துகொள்ளும்.

கேள்வி: இரவில் வண்டிகள் குறைவு. ஆனாலும் சத்தம் அதிகமாகக் கேட்பது ஏன்?

பதில்: வெயில் அடங்கியதும் தரை சீக்கிரம் குளிரும், மேலே இருக்கும் காற்று சூடாகவே இருக்கும். அப்போது மேலே போகும் ஒலி வளைந்து தரைக்குத் திரும்பும், தொலைவில் உள்ள வீடுகளுக்கும் எட்டும். போக்குவரத்து குறைவதால் வண்டிகளின் வேகமும் கூடுகிறது. சாலை நனைந்திருந்தால் டயரின் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: வேலியோரம் ஒரு வரிசை மரம் நட்டால் போதுமா?

பதில்: போதாது. தரைவரை இலை அடர்ந்த 30 மீட்டர் அகலத் தோப்பே சுமார் 5 டெசிபல்தான் குறைக்கும். நிழலுக்கும் தூசுக்கும் நடுங்கள்.

கேள்வி: இரண்டு மீட்டர் உயரத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பினோம். தரைத்தளத்தில் கொஞ்சம் வித்தியாசம் தெரிகிறது. மாடியில் ஒன்றுமே இல்லையே?

பதில்: மாடி ஜன்னலில் நின்றால் சாலை தெரிகிறதா? தெரிந்தால் சுவர் அந்த ஜன்னலுக்கு இல்லாததற்குச் சமம். பார்வைக் கோட்டை மறைத்தால்தான் சுமார் 5 டெசிபல் குறையும். அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய 1.5 டெசிபல் சேரும். சுவர் சாலைக்குப் பக்கத்திலோ வீட்டுக்குப் பக்கத்திலோ இருக்க வேண்டும். நடுவழியில் இருந்தால் பலன் குறைவு. நீளமும் முக்கியம்: வீட்டுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தைப் போல நான்கு மடங்கு இருபுறமும் நீள வேண்டும். இல்லாவிட்டால் ஒலி ஓரம் சுற்றி வந்துவிடும். தகரமோ பலகையோ அடைப்பதானால் சதுர மீட்டருக்கு 20 கிலோ எடையாவது இருக்கட்டும். கம்பிக் கதவு வைத்திருந்தால் அங்கே சுவரே இல்லை என்றுதான் கணக்கு.

கேள்வி: டபுள் கிளேசிங் (இரட்டைக் கண்ணாடி) ஜன்னல் போட்டும் லாரி உறுமல் அப்படியே கேட்கிறது. ஏமாந்துவிட்டோமா?

பதில்: உங்களுக்குக் கிடைத்தது வெப்பத்துக்கான ஜன்னலாக இருக்கலாம். 4 மி.மீ. கண்ணாடி இரண்டு, நடுவே 12 மி.மீ. இடைவெளி என்பது வழக்கமான அமைப்பு. இரண்டு கண்ணாடியும் நடுவில் உள்ள காற்றும் சேர்ந்து 250 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த அதிர்வெண்ணை ஒட்டி அதிர ஆரம்பிக்கும். கனரக வண்டியின் உறுமலும் அந்தத் தாழ்ந்த பகுதியில்தான் கனமாக இருக்கிறது. அதனால் தடுக்க வேண்டிய இடத்திலேயே ஜன்னல் வலுவிழக்கிறது.

ஆனாலும் கண்ணாடியை மாற்றும் முன் இடுக்கைத் தேடுங்கள். ஜன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், எவ்வளவு உயர்ந்த கண்ணாடி போட்டாலும் மொத்தத்தில் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. காற்று நுழையும் வழியில் ஒலியும் நுழையும். மெல்லிய காகிதத் துண்டைச் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே வைத்து ஜன்னலை மூடி இழுத்துப் பாருங்கள். பிடிப்பே இல்லாமல் வந்தால் அங்கே ரப்பர் பீடிங் தேய்ந்திருக்கிறது அல்லது அமுங்கவில்லை. நான்கு பக்கமும், முக்கியமாக மூலைகளிலும் தாழ்ப்பாளுக்கு எதிர்ப்புறத்திலும் பாருங்கள். ஸ்லைடிங் ஜன்னலில் பிரஷ் போன்ற அடைப்புதான் இருக்கும். அது ஒலியை விட்டுவிடும். கீல் வைத்து இறுக்கி மூடும் ஜன்னலே இதற்கு ஏற்றது. அடுத்து, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி. அதை வெறும் ஃபோம் அடித்து மூடினால் எடை போதாது. உள்ளே சரியாக நிரப்பி, மேலே இறுகிப்போகாத சீலன்ட்டால் இருபுறமும் மூடுங்கள்.

இதற்குப் பிறகும் குறையவில்லை என்றால், இருக்கும் ஜன்னலுக்கு உட்புறம் இன்னொரு ஜன்னல் வையுங்கள். இரண்டுக்கும் நடுவே 100 மி.மீ. அல்லது அதற்கு மேல் இடைவெளி விடுங்கள். கண்ணாடிகள் ஒரே தடிமனில் வேண்டாம். ஒன்று 4 மி.மீ. என்றால் மற்றது 6.4 மி.மீ. லேமினேட்டட் (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடி) ஆக இருக்கட்டும். எல்லாவற்றையும் அடைத்த அறைக்குக் காற்றும் வேண்டும். சாலைக்கு எதிர்ப்புறச் சுவரில், உள்ளே ஒலி உறிஞ்சும் பஞ்சு பதித்து வளைவு வைத்த காற்றுக்குழாய் ஒன்று அமைத்துக்கொள்ளுங்கள். பணம் ஓர் அறைக்குத்தான் போதும் என்றால் படுக்கையறைக்குச் செய்யுங்கள்.

கேள்வி: சுவரெல்லாம் அகௌஸ்டிக் ஃபோம் (ஒலி உறிஞ்சும் பஞ்சு) ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். அது அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது.

கேள்வி: சாலைத் துறைக்கு மனு எழுதப்போகிறோம். என்ன கேட்பது?

பதில்: வண்டிகளைக் குறைக்கச் சொல்வதில் பெரிய பலன் இல்லை, வண்டிகள் பாதியாகக் குறைந்தாலும் 3 டெசிபல்தான் இறங்கும். அந்த அளவு வித்தியாசம் காதுக்கு லேசாகத்தான் தெரியும். நெடுஞ்சாலை வேகத்தில் கார் போடும் சத்தத்தில் பெரும்பங்கு டயருடையது, எஞ்சினுடையது அல்ல. எனவே சாலையின் மேற்பரப்பைப் பற்றிக் கேளுங்கள். நுண்துளைத் தார்ப்பரப்பு புதிதாக இருக்கும்போது 3 முதல் 5 டெசிபல் வரை குறைக்கும். துளைகளைத் தூசு அடைத்தால் பலன் போய்விடும் என்பதால் பராமரிப்பையும் சேர்த்தே கேட்க வேண்டும். பாலத்தின் இணைப்புகளில் எழும் அடி, பள்ளத்தில் விழும் காலி லாரியின் குலுங்கல், வீட்டருகே போட்டிருக்கும் அதிர்வுப் பட்டைகள் ஆகியவற்றை எந்தக் கிலோமீட்டர் கல்லருகே என்று குறிப்பிட்டு எழுதுங்கள். பழுதுபார்ப்பில் சீக்கிரம் தீரக்கூடியவை இவைதான். இரவு வேக வரம்பையும் கேளுங்கள். நீங்கள் எடுத்த அளவுகளைத் தேதி, நேரத்தோடு மனுவில் இணையுங்கள்.