டெவன் கூரை வீடு: பாசியைவிடப் புகைபோக்கிதான் முக்கியம்

வணக்கம். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உள்ள ஒரு வேய்ந்த கூரை வீட்டைப் பற்றி, 'கிரேடு 2 பட்டியலில் (சட்டப் பாதுகாப்புள்ள பழைய கட்டடங்களின் பட்டியல்) உள்ள வீடு, கூரையில் பாசி, உள்ளே விறகு அடுப்பு, வாங்கலாமா?' என்று கேட்டிருந்தீர்கள். வாங்கலாம், ஆனால் சில சோதனைகளுக்குப் பிறகு.

பாசியை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். வேய்ச்சலை (கூரையில் அடுக்கிய வைக்கோல் அல்லது நாணல்) இறுக்கிப் பிடிக்கும் ஹேசல் மரக் குச்சிகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றனவா, தண்ணீர் ஓடி வாய்க்கால் போலப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் மேல்பரப்பு தேய்ந்துவிட்டது. முகடு எப்படியும் 10 முதல் 15 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக வேயப்பட வேண்டும். கடைசியாக எப்போது செய்தார்கள் என்று ரசீதோடு கேளுங்கள்.

எனக்குப் பெரிய கவலை அடுப்புதான். புகைபோக்கியின் வாய் கூரைப் பரப்பிலிருந்து குறைந்தது 1.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பழைய செங்கல் குழாயில் காரை உதிர்ந்திருந்தால், வேய்ச்சலுக்குள் புதைந்த பகுதியில் சூடான வாயு கசிந்து தீப்பிடிக்கலாம். உள்ளே கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் நிபந்தனைகளையும் ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சுவர் மண்சுவரா? மேலே சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே தங்கி அடிச்சுவர் இளகும். சுண்ணாம்புப் பூச்சுதான் சரி. பட்டியலில் உள்ள வீடு என்பதால், முந்தைய உரிமையாளர் அனுமதியின்றி ஜன்னல் மாற்றியிருந்தாலும், சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். அதற்குக் காலவரம்பு கிடையாது. அனுமதிக் கடிதங்களை வழக்கறிஞர் மூலம் கேட்டு வாங்குங்கள்.