கொழும்பில் வேலை செய்துகொண்டே பொறியியல், தொழில்நுட்ப முகாமைத்துவத்தில் முதுமாணி படிக்க முடியுமா?

முடியும். ஆனால் விண்ணப்பிக்க முதல், அந்தப் பட்டம் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் எந்த மட்டம் என்று பாருங்கள். 9ஆம் மட்டம் 30 கிரெடிட், பாடங்களோடு சரி. 10ஆம் மட்டம் 60. அதில் குறைந்தது 15 ஆய்வுக்கு. பாடம் என்றால் ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலம், ஆய்வு என்றால் குறைந்தது 100. ஆக 10ஆம் மட்டத்துக்கு மொத்தம் குறைந்தது 3750 மணித்தியாலம். இரண்டு வருடத்தில் முடிப்பதென்றால் கிழமைக்கு ஏறத்தாழ 36. வார இறுதி வகுப்போடு சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் மாட்டுவது இங்கேதான்.

மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்ப முகாமைத்துவத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது.

அதிகம் இழுபடுவது ஆய்வுக்கட்டுரை. கம்பனியின் இயந்திரப் பழுதுப் பதிவுகளை வைத்து எழுதுவதானால், தலைப்பைக் கொடுக்க முதலே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாயால் சரி சொன்ன மனேஜர் மாறிப்போனால், தரவும் அவரோடு போய்விடும்.