முதல் லாட்டில் வாங்கிய சரவுண்ட் பிராசஸர்: கேள்வி பதில்

ஹோம் தியேட்டருக்கான சரவுண்ட் பிராசஸர் ஒன்றை, அது கடைக்கு வருவதற்கு முன்பே பணம் கட்டி, முதல் லாட்டில் வாங்கினேன். பதினான்கு மாதம் ஆகிறது. ஒன்பது தடவை ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள் ஓடும் மென்பொருள், மாற்றியாகிவிட்டது. கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள், சொல்வதாக இல்லை. மற்றபடி, வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் வாங்கிவிட்டு முழிப்பவர்களும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கேள்வி: சார், பிராசஸர் என்றால் என்ன? கடையில் விற்கும் ஏவி ரிசீவர்தானே அது?

ரிசீவருக்குள் ஆம்ப்ளிஃபயரும் இருக்கும், ஸ்பீக்கர் வயரை நேராக அதிலேயே மாட்டலாம். பிராசஸரில் ஆம்ப் கிடையாது. டால்பி, டிடிஎஸ் போன்ற ஒலி வடிவங்களைப் பிரித்து, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் எவ்வளவு சத்தம், எவ்வளவு தாமதம், எந்த அளவு பேஸ் என்று கணக்குப் போட்டு வெளியே அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. ஆம்ப் தனியாக வாங்க வேண்டும். என் வீட்டில் கீழே 5 ஸ்பீக்கர், கூரையில் 4, பேஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் 2.

கேள்வி: அனுபவம் உள்ளவர் நீங்கள். முதல் லாட்டில் போய் விழலாமா?

ஆசைதான், வேறென்ன. முன்பதிவு செய்தால் விலை குறைவு என்றார்கள். என் பழைய பிராசஸர் அட்மாஸுக்கு, அதாவது தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரவைக்கும் டால்பியின் ஒலி முறைக்கு, முந்தியது. அட்மாஸ் 2012-ல் தியேட்டருக்கும் 2014-ல் வீட்டுக்கும் வந்தது. நான் அதற்குப் பிறகும் பல வருடம் கூரையில் ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினேன். பழையதில் 4கே படமும் போகாது, ஏனென்றால் அதற்கு வேண்டிய எச்டிசிபி 2.2 என்ற காப்பித் தடுப்புப் பூட்டு முறை அதில் இல்லை. விளம்பரத்தைப் பார்த்ததும் கை தானாகப் பர்ஸுக்குப் போய்விட்டது.

கேள்வி: அப்படி என்னதான் கோளாறு வந்தது? ஒன்றிரண்டாவது சொல்லுங்கள், தெரிந்துகொள்கிறோம்.

முதல் வாரம் வந்தது 'டப்' சத்தம். டிஜிட்டல் ஒலியில் நொடிக்கு எத்தனை மாதிரி என்று ஒரு கணக்கு உண்டு. பாட்டுகள் பெரும்பாலும் 44.1 கிலோஹெர்ட்ஸில் வரும், படங்கள் 48-ல். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கருவி புதிய கடிகாரத்தைப் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதுவரை வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும். என்னுடையது அவசரப்பட்டு வாயைத் திறந்தது. ஒவ்வொரு தடவையும் ஸ்பீக்கரின் ட்வீட்டர் (கீச்சுச் சத்தத்துக்கான சின்னப் பகுதி) போய்விடுமோ என்று வயிற்றில் புளி கரைத்தது. மூன்றாவது அப்டேட்டில் சரிசெய்தார்கள். எப்படி? கூடுதல் நேரம் பொத்திக்கொள்ளச் செய்தார்கள். இப்போது சத்தமில்லை, ஆனால் படம் தொடங்கும்போது முதல் வார்த்தையை விழுங்கிவிடுகிறது. 'வணக்கம்' என்பது 'க்கம்' என்று கேட்கும். பழகிவிட்டது.

அடுத்தது கருப்புத் திரை. எச்டிஎம்ஐ-யில் பிளேயர், பிராசஸர், டிவி மூன்றும் படம் காட்டுவதற்கு முன் ஒன்றோடொன்று சாவியைச் சரிபார்த்துக்கொள்ளும். இடையில் ஒன்று தூங்கி எழுந்தாலும் திரையில் ஒன்றும் வராது. முதலில் டிவி, பிறகு பிராசஸர், கடைசியில் பிளேயர் என்ற வரிசையில் போட்டால் என் வீட்டில் தொண்ணூறு சதவீதம் சரியாக வந்தது. ஐந்தாவது அப்டேட்டுக்குப் பிறகு வரிசை தேவைப்படவில்லை. ஆனாலும் கை அந்த வரிசையிலேயே போகிறது.

மூன்றாவதைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. சப்வூஃபர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கருவிக்குச் சொல்ல வேண்டும் இல்லையா? அடியில் சொன்னால் சரியாக எடுத்துக்கொண்டது. மீட்டரில் சொன்னால், சப்வூஃபருக்கு மட்டும், அந்த எண்ணை அடி என்றே எடுத்துக்கொண்டது. நான் 3.6 மீட்டர் என்று போட்டேன், அது 3.6 அடி, அதாவது 1.1 மீட்டர் என்று நினைத்துக்கொண்டது. சப் பக்கத்தில் இருக்கிறது என்று நம்பியதால், மற்றவற்றோடு சேர்ந்து வர வேண்டும் என்று அதன் சத்தத்தை வேண்டுமென்றே தாமதப்படுத்தியது. வித்தியாசம் 2.5 மீட்டர். சத்தம் ஒரு நொடிக்கு 343 மீட்டர் போகும், ஆக 7.3 மில்லி செகண்ட் தாமதம். சின்னக் கணக்குதானே என்று தோன்றும். ஆனால் என் கிராஸ்ஓவர், அதாவது பேஸ் ஸ்பீக்கரிலிருந்து சப்புக்குக் கைமாறும் இடம், 80 ஹெர்ட்ஸ். அங்கே ஒரு முழு அலைக்கு 12.5 மில்லி செகண்ட். ஏறக்குறைய பாதி அலைக்கு மேல் பிந்தி வந்தால் ஸ்பீக்கர் தள்ளும்போது சப் இழுக்கும், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். தவில் அடித்தால் தோல் சத்தம் கேட்கும், உடம்பு இருக்காது. இரண்டு மாதமும் நான் சப்வூஃபரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் அளவெடுக்கும் மைக்கும் ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளும் வைத்துப் பார்த்தபோது 80 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு பள்ளத்தில் விழுந்து கிடந்தது.

கேள்வி: கோளாறு மிஷினிலா நம் வீட்டிலா என்று எப்படி அண்ணே கண்டுபிடிப்பது? எனக்குச் சதா 'உம்ம்ம்' என்று இரைச்சல்.

புதுக் கருவி வாங்கியவனுக்கு வரும் பெரிய வியாதியே இதுதான். எது நடந்தாலும் பெட்டியின் மேல் பழி. நானும் அப்படித்தான் இருந்தேன். உங்களைப் போலவே உம்ம்ம் சத்தம் கேட்டு, கம்பெனிக்குக் காரசாரமாக ஒரு மெயில் போட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்பக்கம் உள்ள கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். எல்லா எச்டிஎம்ஐ-யையும் கழற்றிய பிறகுதான் சத்தம் நின்றது. ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினால், செட்டாப் பாக்ஸை மாட்டியதும் வந்துவிட்டது. அந்தப் பாக்ஸுக்குப் பின்னால் தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிள். அதன் எர்த்தும் என் வீட்டு எர்த்தும் வேறு வேறு அழுத்தத்தில் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் ஓடிய மின்சாரம்தான் அந்த 50 ஹெர்ட்ஸ் பாட்டு. கேபிள்காரரின் வயரில் ஒரு ஐசொலேட்டர் போட்டேன், அமைதி. மன்னிப்புக் கேட்டு இன்னொரு மெயில்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றி, சரியாகியும் விட்டால், எது காரணம் என்று ஆயுசுக்கும் தெரியாது. ஒரு நோட்டுப் போடுங்கள்: தேதி, ஃபர்ம்வேர் எண், எந்த இன்புட், என்ன ஒலி வடிவம், என்ன நடந்தது. என் நோட்டில் உள்ள புகார்களில் பாதிக்கு மேல் கடைசியில் என் வீட்டுக் கோளாறாகத்தான் முடிந்திருக்கின்றன.

இன்னொன்று. இரைச்சல் போகிறது என்று சொல்லி ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொல்வார்கள், எலக்ட்ரீஷியனே சொல்வார். வெட்டாதீர்கள். அது உயிரைக் காப்பாற்ற வைத்த பின்.

கேள்வி: ஓடிடி பார்க்கும்போது உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் போகிறது.

வசனம் முந்துகிறதா, பிந்துகிறதா என்று முதலில் பாருங்கள். டிவி படத்தை மெருகேற்ற நேரம் எடுப்பதால் வழக்கமாக வசனம்தான் முந்தும்; பிராசஸரில் ஆடியோ டிலேயைக் கூட்டினால் தீர்ந்தது. பிந்தினால் பிராசஸர் ஒன்றும் செய்ய முடியாது, இன்னும் வராத சத்தத்தை அது எங்கே போய்க் கொண்டுவரும்? அப்போது டிவியின் ஒலி அமைப்பில் உள்ள தாமதத்தைப் பூஜ்யமாக்கிப் பாருங்கள், அல்லது பிளேயரை டிவியில் மாட்டாமல் நேராகப் பிராசஸரில் மாட்டுங்கள்.

கேள்வி: டிவியில் இ-ஆர்க் இல்லை, சாதா ஆர்க்தான். அட்மாஸ் வராதா?

வரும். ஆர்க் என்பது டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ கேபிள் வழியே பிராசஸருக்குத் திருப்பி அனுப்பும் வசதி, இ-ஆர்க் அதன் பெரிய அண்ணன். ஓடிடி அட்மாஸ் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸுக்குள் சுருட்டி வருவது, அது சாதா ஆர்க்கிலேயே போகும், டிவி அனுப்பச் சம்மதித்தால். புளூ-ரேயில் உள்ள, தரம் குறையாத ட்ரூஎச்டி-க்குத்தான் இ-ஆர்க் வேண்டும். பிளேயரைப் பிராசஸரில் மாட்டினால் அந்தக் கவலையும் இல்லை.

கேள்வி: பேஸ் ஒரே கும்மென்று இருக்கிறது சார். 15க்கு 12 அறை, 10 அடி உயரம். ரூம் கரெக்‌ஷன் போட்டும் போகவில்லை. அதிலும் பக் இருக்குமோ?

பக் உங்கள் சுவரில். 15 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 37 ஹெர்ட்ஸிலும், 12 அடிக்கு 47-லும், 10 அடி உயரத்துக்கு 56-லும் அறையே கூடச் சேர்ந்து பாடும். மரச் சட்டத்தில் பலகை அடித்த சுவர் என்றால் கொஞ்சம் பேஸ் வெளியே கசிந்துவிடும். நம்முடையது செங்கல்லும் சிமெண்டும், உள்ளேயே சுற்றும். ரூம் கரெக்‌ஷன் என்பது மைக்கால் அறையை அளந்து ஒலியைத் திருத்தும் வசதி. அது மேட்டை வெட்டும், பள்ளத்தை நிரப்பாது. பள்ளம் என்பது இரண்டு அலைகள் மோதி அழிந்த இடம், அங்கே எவ்வளவு கொட்டினாலும் அழிந்துகொண்டேதான் இருக்கும்.

சப்பை மூலையிலிருந்து எடுங்கள். அதை நீங்கள் உட்காரும் சோபாவில் தூக்கி வைத்து, பேஸ் கிட்டார் உள்ள ஒரு பாட்டைப் போட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எங்கே ஒவ்வொரு சுரமும் சமமாகக் கேட்கிறதோ அங்கே சப்பை வையுங்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்வது மரியாதைக்கு நல்லது. ஜமக்காளம் விரிப்பது, திரை போடுவது எல்லாம் டைல்ஸ் தரையின் கணகணப்பைக் குறைக்கும், பேஸை ஒன்றும் செய்யாது.

கேள்வி: அப்டேட் போடும்போது கரண்ட் போனால்?

போயிருக்கிறது. 38 சதவீதத்தில். திரையில் ஒன்றுமில்லை, ரிமோட்டுக்கு அசையவில்லை. அந்த ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. நல்லவேளையாக, முன்பக்கத்தில் இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கிக்கொண்டு ஆன் செய்தால் பென்டிரைவிலிருந்து மறுபடி ஏற்றிக்கொள்ளும் வழி இருந்தது. மறுநாளே கம்ப்யூட்டருக்குப் போடும் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கினேன். பிராசஸர் மட்டும் அதில். ஆம்ப்களை அதில் மாட்டினால் தாங்காது. பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள், என்னுடையது வேறு எதையும் படிக்காது. போடுவதற்கு முன் செட்டிங் பக்கங்களை எல்லாம் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். பழைய பேக்கப்பைப் புதிய ஃபர்ம்வேரில் ஏற்றப் போய் எனக்குக் கூரை ஸ்பீக்கர் நான்கும் காணாமல் போயின.

கேள்வி: சென்டர் ஸ்பீக்கரில் மட்டும் பழைய பாட்டு வருகிறது, மற்றவை ஊமை. ரிப்பேரா தம்பி?

இல்லை ஐயா, மிஷின் சரியாகத்தான் செய்கிறது. அந்தக் காலப் பாட்டு மோனோ, இடதும் வலதும் ஒன்றே. டால்பி சரவுண்ட் போட்டிருந்தால், இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பதை நடுவுக்குத் தள்ளிவிடும். ஸ்டீரியோ என்று மாற்றினால் இரண்டு பெரிய ஸ்பீக்கரிலும் வரும். எல்லா ஸ்பீக்கரிலும் வர வைக்கவும் ஒரு மோடு இருக்கும். கல்யாண மண்டபம் மாதிரி கேட்கும், எனக்குப் பிடிக்காது.

கேள்வி: டிராக் (Dirac) என்ற ரூம் கரெக்ஷன் மென்பொருள் எங்கள் மாடலுக்கு 'அடுத்த அப்டேட்டில்' என்று எட்டு மாதமாகச் சொல்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பெட்டி இன்றைக்கு என்ன செய்கிறதோ அதற்கு மட்டும் காசு கொடுங்கள். வரப்போவதன் மதிப்பைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, அப்போதும் விலை நியாயமாகப் பட்டால் வாங்குங்கள்.

எது அப்டேட்டில் சரியாகும், எது ஆகாது என்பதையும் பார்க்க வேண்டும். டப் சத்தம், தூரக் கணக்கு, மெனு எல்லாம் மென்பொருள், சரியாகும். எச்டிஎம்ஐ சிப் கோளாறு என்றால் ஆகாது. 2020-ல் எச்டிஎம்ஐ 2.1 ரிசீவர்கள் வந்தபோது, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸிலிருந்து 4கே 120 ஹெர்ட்ஸ் கொடுத்தால் பல கம்பெனிப் பெட்டிகளில் திரை கருப்பானது. உள்ளே இருந்த சிப்பிலேயே பிழை. சிலர் வெளியே மாட்ட ஒரு குட்டிப் பெட்டி கொடுத்தார்கள், சிலர் போர்டையே மாற்றிக் கொடுத்தார்கள். பென்டிரைவால் அங்கே ஒன்றும் ஆகியிருக்காது.

கேள்வி: புகார் எழுதினால் பதிலே வருவதில்லையே?

'சவுண்ட் சரியில்லை' என்று எழுதினால் வராது. எனக்கும் வரவில்லை. சப்வூஃபர் விஷயத்தில், 'ஃபர்ம்வேர் எண் இது, அலகை மீட்டருக்கு மாற்றவும், 3.6 போடவும், அளக்கவும், அடிக்கு மாற்றி 11.8 போடவும், மறுபடி அளக்கவும்' என்று எழுதி, இரண்டு அளவுக் கோடுகளையும் இணைத்தேன். இரண்டே நாளில், அந்த ஃபர்ம்வேரை எழுதிய எஞ்சினியரே பதில் போட்டார். அவர் மேஜையில் நடக்காத கோளாறை அவரால் சரிசெய்ய முடியாது, பாவம்.

கேள்வி: வால்யூம் மைனஸ் 20-க்கு மேல் வைக்கவே பயமாக இருக்கிறது. 0 என்பதுதான் சரியான அளவா?

0 என்பது படம் மிக்ஸ் செய்தவர்கள் கேட்ட அளவு. அங்கே ஒரு சாதாரண ஸ்பீக்கரின் உச்சம் 105 டெசிபல், வெடிச் சத்தத்துக்கான தனித் தடத்தில் 115. அடுக்குமாடியில் அப்படி வைத்தால் கீழ்வீட்டுக்காரர் மேலே வருவார். நான் மைனஸ் 18, ராத்திரி பத்துக்கு மேல், பெரிய சத்தத்தை அடக்கும் நைட் மோடு.

கேள்வி: சார், நேற்று பத்தாவது ஃபர்ம்வேர் வந்திருக்கிறது. உங்கள் மாடலேதான் எனக்கும். போட்டுவிடட்டுமா?

பொறுங்கள். உங்களுடையது இப்போது ஒழுங்காக ஓடுகிறது அல்லவா? நான் சனிக்கிழமை போட்டு, இரண்டு படம் முழுதாக ஓட்டிப் பார்க்கிறேன். ஞாயிறு சாயங்காலம் கூப்பிடுங்கள். 'வணக்கம்' முழுசாக வருகிறதா என்றும் சொல்கிறேன்.